அழுக்கு வெள்ளையும் வெளுத்த மஞ்சளும்

– ரோஸ்விதா, வந்திருக்கிற டாக்டர் லூடர்ஸ்கிட்ட சொல்லு. அந்தப் பொட்டலத்தை என் மேஜை மேல வைக்கறதுக்கு முன்னாடி கீழ ஒரு துணி விரிக்கணும்.

– எக்பர்ட், துணி விரிக்கணுமாம்.

– எனக்குக் காது இருக்கு ரோஸ்விதா. பல் டாக்டருக்குப் பல் மட்டும்தான் இருக்கும்னு உன் வீட்டுக்காரர் நினைச்சிருப்பார், பாவம். துணி எதுக்கு? அதான் சாக்ஸுக்குள்ள இருக்கே. துவைச்ச சாக்ஸ்தான்.

– கேட்டியா ரோஸ்விதா! நூறு வருஷத்துக்கு மேல பழைய பொருளை சாக்ஸுல போட்டுக் கொண்டு வந்திருக்கார். வரலாற்றைக் காலுறைக்குள்ள திணிச்சுக் கொண்டு வந்திருக்கார்!

– கேட்டேன் ஹார்ட்விக். நல்லாவே கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே சமையலறையில, ஒரே மேஜையில, ஒரு முழம் தள்ளி உக்காந்திருக்கீங்க. நடுவுல நான் தந்திக் கம்பி. நேரா பேசித் தொலைச்சா என்ன?

– முடியாது. சங்கத் தலைவரா இருக்கிறவன், தன் ஆராய்ச்சியைப் பொதுவுல கேலி பண்ணின ஒருத்தரோட நேரடியா உரையாடற மரபு இல்ல.

– எனக்கும் முடியாது. நான் வாயைத் திறந்தா தலைவர் அவர்களுக்கு வலிக்கும், பாவம். மரத்துப்போற ஊசி நான் கொண்டு வரல.

– பழைய துப்பாக்கி சேக்கற பதினோரு பேர் இருக்கிற சங்கம். அதுல மூணு பேர் படுத்த படுக்கை. அதுக்கு மரபு வேற. சரி, கேக்கை எடுத்துக்கோ எக்பர்ட். ப்ளம் நம்ம மரத்துல காய்ச்சது. உனக்குப் பிடிக்குமேன்னு க்ரீம் நிறைய அடிச்சு வெச்சிருக்கேன்.

– நீ ஒருத்திதான் இந்த வீட்டுல மனுஷி.

– அவர் கேக்கைச் சாப்பிட்டு முடிச்சதும், சாக்ஸைக் கொஞ்சம் அவிழ்க்கலாமான்னு கேளு.

– ஹார்ட்விக், அந்த சாக்ஸை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேங்கற. நம்ம கல்யாணத்தப்ப மோதிரம் போட்டியே, அப்பகூட என்னை இப்படிப் பாக்கல. ஒரு தாழ்ப்பாளுக்கா இவ்வளவு பாடு?

– தாழ்ப்பாள் இல்ல! எத்தனை தடவை சொல்றது? அது போல்ட். தோட்டாவை உள்ள தள்ளி, குழலோட பின்பக்கத்தை அடைச்சு, இறுக்கிப் பூட்டி...

– தள்ளி, அடைச்சு, பூட்டறதுக்கு எங்க அம்மா வீட்டுல தாழ்ப்பாள்னுதான் பேர்.

– ஹா! இந்த மாதிரி ஒரு விளக்கம் சங்கத்துப் பத்திரிகையில ஒரு தடவையாவது வந்திருக்கா பாரேன்.

– அவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஞாயித்துக்கிழமை தீயணைப்பு நிலைய மண்டபத்துல கண்காட்சி. துணை மேயரே வர்றாங்க. என்னோட மௌசர் துப்பாக்கி மேடைக்கு நடுவுல, பச்சை வெல்வெட் மேல. குழல்ல 2763. மரக்கட்டையில 2763. குறி பாக்கற முள்ளுல 63. அடியில இருக்கிற சுண்டுவிரல் நகம் அளவு திருகாணியில கூட 63! ஆலையில எப்படிப் பிறந்துதோ அப்படியே. ஒண்ணே ஒண்ணு தவிர.

– தாழ்ப்பாள்.

– போல்ட்! அது மட்டும் வேற நம்பர். சேகரிப்பாளர் நடுவுல இது எவ்வளவு பெரிய தலைகுனிவுன்னு உனக்குப் புரியாது.

– எனக்கா புரியாது? கண்ணாடிப் பெட்டிக்குள்ள அந்தப் பக்கத்தைச் சுவரைப் பாத்துத்தானே வெச்சிருக்க. யாராவது எட்டிப் பாத்தா உடனே, ‘காபி சாப்பிடலாமா’ன்னு தள்ளிட்டுப் போயிடற.

– ஓஹோ! அப்படியா சங்கதி? தலைவர் வீட்டுப் பொக்கிஷத்துல சொத்தைப் பல்லா? இத்தனை வருஷம் வாயைப் பொத்திக்கிட்டே சிரிச்சிருக்கார், பாவம்.

– ரோஸ்விதா! இதை எதுக்கு அவர் முன்னாடி சொன்ன?

– அவர் மட்டும் ஒழுங்கா? எக்பர்ட், போன மாசம் பத்திரிகையில உன் துப்பாக்கிப் படம் வந்துதே. உன் போல்ட்ல இருக்கிற 2763-ஐ இந்த மனுஷன் பூதக்கண்ணாடி வெச்சுக் கண்டுபிடிச்சு, ராத்திரி என்னை எழுப்பிக் காட்டினார். அதெல்லாம் சரி. குழல் நம்பர் இருக்கிற இடத்துல உன் கட்டைவிரல் ஏன் இருந்துது?

– விரல்... சும்மா, தற்செயலா இருந்துது.

– அவ்வளவு பெரிய துப்பாக்கியில அந்த அரை அங்குலம்தான் கிடைச்சுதா விரல் வைக்க?

– கேள், ரோஸ்விதா, நல்லாக் கேள்! அவரோடதும் பொருத்தம் இல்லாத துப்பாக்கிதான். என் போல்ட்டை வெச்சுக்கிட்டு ஊரை ஏமாத்தியிருக்கார்.

– நான் யாரையும் ஏமாத்தல. யாரும் கேக்கல, நானும் சொல்லல. ரோஸ்விதா, தலைவர்கிட்ட சொல்லு. போல்ட் வேணும்னா தர்றேன். காசு வேண்டாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். ஞாயித்துக்கிழமை, மேடையில, ஒலிபெருக்கியில, துணை மேயர் முன்னாடி அவர் சொல்லணும்: ‘அந்தக் குஞ்சம் மஞ்சள்.’

– வெள்ளை!

– ஆரம்பிச்சாச்சு.

– வெள்ளை, ரோஸ்விதா. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அது வெள்ளை. துப்பாக்கி முனைக் கத்தியில தொங்கற குஞ்சம் வெள்ளையா இருந்தா சிப்பாய் படையில முதல் கம்பெனி. மஞ்சளா இருந்தா மூணாவது கம்பெனி. இது முதல் கம்பெனிக் குஞ்சம். பரண்ல கிடந்து புகை படிஞ்சு அழுக்கேறின வெள்ளை.

– வெயில்ல கிடந்து வெளுத்துப்போன மஞ்சள். வாழ்நாள் பூரா பல்லைப் பாத்தவன் நான். வெள்ளை எப்படி மஞ்சளாகும், மஞ்சள் எப்படி வெள்ளையாகும்னு இந்த மாவட்டத்துல என்னை விட யாருக்குத் தெரியும்?

– பல்லும் குஞ்சமும் ஒண்ணான்னு கேளு!

– நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நான் சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க. ஏழு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒண்ணா ஹார்ட்ஸ் மலைக்குப் போனீங்க. செத்துப்போன வனக்காவலர் வீட்டுப் பரண்ல ஒரே ஆணியில மாட்டியிருந்த ரெண்டு துப்பாக்கியை ஆளுக்கு ஒண்ணா வாங்கிட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டே வந்தீங்க. கூடவே இலவசமா ஒரு கத்தி, அதுல என் துடைப்பக் கயிறு மாதிரி ஒரு குஞ்சம். அன்னிக்கு முறைச்சுக்கிட்டவங்கதான். ‘வா, போ’ன்னு இருந்த சிநேகம் ‘வாங்க, போங்க’ன்னு ஆச்சு. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு.

– கொள்கைன்னு வந்தா சிநேகம் பாக்க முடியாது.

– உன் கொள்கை கிடக்கட்டும் ஹார்ட்விக். என் வியாழக்கிழமை என்ன ஆச்சு? ஸ்காட் மூணு பேர் இல்லாம ஆட முடியாத சீட்டாட்டம். ரெண்டு பேரா உக்காந்தா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். எக்பர்ட் போனதும் பாதிரியாரைக் கூப்பிட்டேன். நல்ல மனுஷன். ஆனா ஏலம் கேக்கறப்பல்லாம் கண்ணை மூடிக்கிட்டு முணுமுணுக்கறார், மேல இருக்கறவர் உதவியோட ஆடறவரை நான் எப்படி ஜெயிக்கறது? அப்புறம் எதிர்வீட்டு ஆன்னெலோரெ வந்தா. தோத்தா அழறா. ஜெயிச்சா அதை விட ஜாஸ்தி அழறா, செத்துப்போன புருஷன் பாக்கலையேன்னு. இப்ப சீட்டுக்கட்டு அலமாரியில தூங்குது. அதுவும் எங்க? துண்டு வைக்கற அலமாரியில இப்ப துண்டுக்கு இடம் இல்ல. குழல் வாய்க்கு மாட்டற பித்தளை மூடி, எண்ணெய் டப்பா, தோட்டாப் பை, தோள்வார். குளிச்சுட்டு வந்து கையை விட்டா தோட்டாப் பைதான் வருது.

– அந்தப் பை 1909-ஆம் வருஷத்து மாடல். அதைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

– ஈரத் தலையோட நிக்கறவளுக்கு வருஷம் முக்கியம் இல்ல.

– ரோஸ்விதா, உன் ஆட்டத்தை நான் மறக்கல. கையில ஒரு ஜாக்கி கூட இல்லாம பதினெட்டு, இருபதுன்னு ஏலத்தை ஏத்திக்கிட்டே போவியே. இவர் முழிப்பார், பாவம்.

– அப்ப வா! நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?

– மஞ்சள்னு சொல்லட்டும். வர்றேன்.

– வெள்ளைன்னு ஒத்துக்கட்டும். உள்ள விடறேன்.

– சரி. ரெண்டு பேரும் வாயை மூடுங்க. இந்த க்ரீம் என்ன நிறம்?

– வெள்ளை.

– இன்னிக்கு வெள்ளை. நாளைக்கு வெளியில விட்டா மஞ்சள்.

– அப்ப வெண்ணெய்? ஹார்ட்விக், நீ முதல்ல சொல்லு.

– நம்ம பால் பண்ணை வெண்ணெயா? கிட்டத்தட்ட வெள்ளைதான்.

– நீ, எக்பர்ட்?

– வெண்ணெய் மஞ்சள். குழந்தைக்குக் கூடத் தெரியும்.

– போதும், தீர்ந்துபோச்சு. ஞாயித்துக்கிழமை மேடையில ஹார்ட்விக் சொல்லப் போறது: ‘அந்தக் குஞ்சம் வெண்ணெய் நிறம்.’ சொல்றப்ப நீ மனசுக்குள்ள வெள்ளைன்னு நினைச்சுக்கோ. கேக்கறப்ப எக்பர்ட் மஞ்சள்னு நினைச்சுக்கட்டும். துணை மேயர் சாப்பாட்டைப் பத்தி நினைச்சுக்கட்டும்.

– வெண்ணெய் நிறத்துல எந்தக் கம்பெனியும் இருந்ததில்லையே ரோஸ்விதா. ஆதாரம் கேட்டா?

– பதினோரு பேர்ல யாரு கேக்கப் போறா? கேள்வி கேக்கற ஒரே ஆள் இதோ உன் எதிர்ல வாய் நிறைய கேக்கோட உக்காந்திருக்கார்.

– ம்... வரலாற்று நோக்குல பாத்தா, சமாதானத்துக்காகச் சில சொற்களை நெகிழ்த்தறது ராஜதந்திரம். சரி. வெண்ணெய். அவர் சம்மதமான்னு கேளு.

– கொஞ்சம் மஞ்சள் வெண்ணெய்னு சொல்லலாமே?

– எக்பர்ட்!

– சரி சரி. வெண்ணெய். வெறும் வெண்ணெய். இந்தா சாக்ஸ்.

– குடு குடு... ஆ! இதோ. இதோ பாரு ரோஸ்விதா. ரெண்டு, ஏழு, ஆறு, மூணு. எழுத்தோட வடிவம் கூட அதே. தள்ளு, நான் துப்பாக்கியை எடுத்துட்டு வர்றேன். அந்தத் தட்டை நகர்த்து. க்ரீம் பட்டுடப் போகுது.

– எக்பர்ட், இன்னொரு துண்டு?

– போடு. மனுஷன் பெட்டியைத் திறக்கற சத்தம் கேக்குது பார். பிரசவ அறை வாசல்ல நிக்கற மாதிரி எனக்கே நெஞ்சு அடிச்சுக்குது.

– நகருங்க, நகருங்க! இதோ உள்ள விடறேன். மெதுவா... மெதுவா... கேட்டியா அந்த ‘க்ளக்’? எண்ணெய் மேல வழுக்கற மாதிரி உக்காந்துடுச்சு. பிறந்த வீட்டுக்கு வந்துடுச்சு! ரோஸ்விதா, நான் அழுதா சிரிக்காத.

– அழு அழு. ஆன்னெலோரெயை வேணா துணைக்குக் கூப்பிடவா?

– ரோஸ்விதா, இப்ப என் துப்பாக்கி பல்லு போன பொக்கை வாய் மாதிரி கிடக்கு. தலைவரோட பழைய போல்ட் ஒண்ணு இருக்குமே, அந்த ஊர் பேர் தெரியாதது? அதைக் கொடுத்தா ஓட்டையையாவது அடைச்சுப்பேன்.

– கொடுத்துடு ரோஸ்விதா. எனக்கு இனி அது தண்டம். ஏழு வருஷமா என் மானத்தை வாங்கின இரும்பு. இந்தா, இதைப் பாத்தாலே எரியுது.

– இந்தா எக்பர்ட்.

– என் கண்ணாடி எங்க... கேக் தட்டுக்கு அடியிலயா? ம். பாக்கலாம், எந்த அனாதையோன்னு. எட்டு. சுழி. நாலு. ஒண்ணு.

– என்ன எக்பர்ட், முகம் வெளிறிப்போச்சு? ப்ளம் கொட்டை ஏதும் கடிச்சுட்டியா?

– 8041. ரோஸ்விதா... என் துப்பாக்கி குழல்ல இருக்கிற நம்பர் 8041.

– என்னது?

– 8041! விரல் வெச்சு மறைச்சேனே, அந்த நம்பர்! டேய் ஹார்ட்விக், என்னோடது ஏழு வருஷமா உன்கிட்டயே இருந்திருக்குடா!

– உன்னோடதா? காட்டு! எட்டு, சுழி, நாலு... எக்பர்ட்! அப்ப என்னோடது உன்கிட்ட, உன்னோடது என்கிட்ட!

– அப்பாடா. நேரா பேசிட்டீங்க. எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. இருங்க, ஒரு வாய் கோர்ன் சாராயம் ஊத்தறேன் மூணு பேருக்கும்.

– ஊத்து, பெரிய கிளாஸ்ல ஊத்து! எக்பர்ட், இது என்னன்னு உனக்குப் புரியுதா? ரெண்டு துப்பாக்கி. ஒரே ஆணி. போல்ட் மட்டும் மாறியிருக்கு. இது தவறுதலா நடந்திருக்க முடியாது.

– ஜெர்மன் சிப்பாய் தன் போல்ட்டைத் தவறவிடுவானா? தூக்கத்துல கூட நம்பர் சொல்லுவான்.

– அதேதான்! அப்ப வேணும்னேதான் மாத்தியிருக்காங்க. முதல் உலகப் போர். பிரான்ஸ்ல ஆர்கோன் காடு. பதுங்குகுழி. மழை. ஒத்தை மெழுகுவத்தி. விடிஞ்சா தாக்குதல். ரெண்டு நண்பர்கள்...

– நண்பர்கள் எதுக்கு? சகோதரர்கள்!

– சகோதரர்கள்! ஒருத்தன் முதல் கம்பெனி...

– இன்னொருத்தன் மூணாவது கம்பெனி! அடேய், குஞ்சத்துக்கும் வழி பிறந்துடுச்சு! வெள்ளை அண்ணன், மஞ்சள் தம்பி!

– எக்பர்ட், நீ மேதை. இதை நான் எப்பவும் சொல்லியிருக்கேன்.

– சொன்னதே இல்லடா.

– மனசுக்குள்ள சொல்லியிருக்கேன். விடியறதுக்கு முன்னாடி அண்ணனும் தம்பியும் ஒருத்தர் உயிரை ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கற மாதிரி போல்ட்டை மாத்திக்கறாங்க. ‘இது உன் கையில இருக்கிற வரைக்கும் நான் சாகமாட்டேன்.’ இதுக்குப் பேர்... பேர்... சகோதரப் பரிமாற்றம்! ஞாயித்துக்கிழமை சொற்பொழிவை அடியோட மாத்தறேன். துணை மேயர் கைக்குட்டை எடுக்காம போகக்கூடாது.

– நான் பக்கத்துல நின்னு ரெண்டு போல்ட்டையும் மாத்திக் காட்டறேன். அந்த நேரத்துல விளக்கை அணைச்சு மெழுகுவத்தி ஏத்தினா?

– தீயணைப்பு நிலையத்துல மெழுகுவத்தியா? அதுக்கு அனுமதி கேட்டு முடியறதுக்குள்ள உங்க சகோதரர்களோட பேரப்பிள்ளைக்குக் கல்யாணமே ஆயிடும்.

– குறுக்க பேசாத ரோஸ்விதா. எக்பர்ட், இது ஒரு சொற்பொழிவோட நிக்கக் கூடாது. நூலா வரணும். கெட்டி அட்டை. படங்களோட. உன் பேரும் என் பேரும்.

– அகர வரிசைப்படி எக்பர்ட் முதல்ல.

– தலைவர் பேர் முதல்ல. அதை அப்புறம் பேசிக்கலாம். அந்த வனக்காவலர் வீட்டுச் சுவர்ல ஒரு பித்தளைப் பலகை பதிக்கணும். ஆர்கோனுக்கு ஒரு பயணம் போகணும். பிரெஞ்சுச் சங்கத்துக்கு எழுதணும்.

– எப்ப எழுத உக்காரலாம்? எனக்குத் திங்கள்லேர்ந்து புதன் வரைக்கும் பேரப்பிள்ளைங்க. வெள்ளிக்கிழமை மீன் வாங்கப் போகணும்.

– வியாழக்கிழமை! வியாழன்தோறும் மாலையில. இதே மேஜையில.

– நல்லது. வியாழக்கிழமையே வெச்சுக்கலாம்.

– வியாழக்கிழமையா?

– ஆமா ரோஸ்விதா. நீ கேக் மட்டும் பண்ணிக் கொடு.

– அப்ப ஸ்காட்?

– ஸ்காட் எப்ப வேணா ஆடலாம்மா. வரலாறு காத்திருக்காது. ஒரு ரெண்டு வருஷம். அதிகமாப் போனா மூணு.

– பாவம், ரோஸ்விதா முகம் சுருங்கிப்போச்சு பாரு. நூல் முன்னுரையில உனக்கு நன்றி சொல்றோம். சமையலுக்கு.

– ரொம்ப சந்தோஷம். முன்னுரையில சேக்க நானும் ஒரு விஷயம் சொல்றேன். ஹார்ட்விக், பரண்லேர்ந்து கொண்டு வந்த அன்னிக்குத் துப்பாக்கி ரெண்டும் எங்க கிடந்தது?

– எங்க? இதோ, இதே மேஜையில. ரெண்டு மேலயும் கெட்டித் தார் மாதிரி பழைய கிரீஸ். ஒரு நம்பர் கூடக் கண்ணுக்குத் தெரியல. போல்ட்டைத் தனியாக் கழட்டி வெச்சுட்டு மத்ததைச் சுரண்டிக்கிட்டு இருந்தோம்.

– அவனவன் போல்ட் அவனவன் துப்பாக்கிக்குப் பக்கத்துலதான் இருந்துது. எனக்கு ஞாபகம் இருக்கு.

– அப்புறம் குஞ்சத்தைக் கையில எடுத்தீங்க. ஹார்ட்விக் தோட்டத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். நீ உன் கார்ல போய் உக்காந்து, வண்டியைக் கிளப்பவும் கிளப்பாம, ஹாரனை மட்டும் அடிச்சுக்கிட்டு இருந்த. அப்ப மேஜையில கிடந்ததையெல்லாம் துடைச்சு, போல்ட்டைச் செருகி, உன் துப்பாக்கியைப் போர்வையில சுத்திக் கார் வரைக்கும் தூக்கிட்டு வந்தது யாரு?

– நீதான்... ஐயோ. ரோஸ்விதா.

– ரோஸ்விதா! அப்ப... ஆர்கோன்? மழை? மெழுகுவத்தி?

– மழை பெஞ்சுது. அதை மட்டும் வெச்சுக்கலாம்.

– எக்பர்ட், கிளாஸைக் கீழ வை. கொஞ்சம் யோசிக்கலாம். ஞாயித்துக்கிழமைக்கு அழைப்பிதழ் போயாச்சு. ரோஸ்விதா, உன் மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்ல. பழக்கம் இல்லாத கை. ரெண்டு இரும்பும் ஒரே மாதிரி. எது எதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

– ஆமா, பாவம். தெரியாம மாத்திப் போட்டுட்ட. மன்னிச்சாச்சு. நாம மூணு பேரும் வாயைத் திறக்காம இருந்தா...

– தெரியாமலா? கட்டைவிரலால கிரீஸை வழிச்சு, நம்பரைப் பாத்துப் பாத்துத்தான் மாத்திப் போட்டேன். பொழுது சாயறதுக்குள்ள ஒருத்தன் ‘என்னோடது உன்கிட்ட இருக்குடா’ன்னு வந்து கதவைத் தட்டுவான்னு சீட்டைக் கலைச்சு மூணு பேருக்கும் போட்டு வெச்சுட்டு உக்காந்திருந்தேன். நீங்க ஆர்கோன் காட்டைச் சுத்திக்கிட்டு ஏழு வருஷம் கழிச்சு வருவீங்கன்னு நான் என்னத்தைக் கண்டேன்!